கேப்பர் மலையின் வடக்குச் சரிவு: நிலப்பிளவா, கெடிலத்தின் அரிப்பா?
(இணைய மன்ற உரையாடல்; ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

கெடிலக்கரை
கடலூரில் கேப்பர் மலை கெடிலம் ஆற்றின் தென்கரையில் சட்டென்று எழுகிறது. வடகரையில் சமவெளிதான். திருவந்திபுரத்தில் ஆறு கொஞ்ச தூரம் வடக்கே திரும்பி ஓடுகிறது. காவிரிப் படுகையின் (வண்டல் நிரம்பிய பழைய நிலவியல் பள்ளத்தின்) பழைய பிளவு, அதாவது பாறை உடைந்து இரு பக்கமும் விலகி நகர்ந்த இடம், ஒன்றுதான் இதற்குக் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள்; 2001 செப்டம்பர் 25 புதுச்சேரி நிலநடுக்கத்தையும் சான்றாகக் காட்டுகிறார்கள். டிஇஎம் தரவில் (நிலத்தின் உயரங்களைக் காட்டும் எண்ம வரைபடத்தில்) வடிநிலச் சமச்சீரின்மைக் குறியீட்டைக் கணக்கிட்டால் முடிவு கிடைக்குமா?

பழம்படுகை
அந்தக் குறியீடு மட்டும் போதாது சார். ஆறு ஓடும் திசையைப் பார்த்து நின்று, வலக்கரை வடிநிலத்தின் பரப்பை மொத்தப் பரப்பால் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும். 50 வந்தால் சமச்சீர். 50-க்கு மேலே போனால் ஆறு இடப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது, கீழே வந்தால் வலப்பக்கம். ஆனால் பண்ணுருட்டிக்குக் கிழக்கே பெண்ணையாற்றுக்கும் கெடிலத்துக்கும் நடுவில் இருப்பது தட்டையான வண்டல் நிலம். போதாததற்கு மலட்டாறு வேறு பெண்ணையின் வெள்ளத்தைக் கெடிலத்துக்குக் கொண்டுவருகிறது. மென்பொருள் போடும் நீர்பிரிகோடு (இரு ஆறுகளின் வடிநிலத்தைப் பிரிக்கும் எல்லை) ஒரு ஏரிக்கரையையோ ரோட்டு மேட்டையோ பிடித்துக்கொண்டு போகும். கோடே நிலையில்லாதபோது விகிதத்துக்கு என்ன பொருள்?

திசையையும் பாருங்கள். கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் உடைந்தபோது உருவான இந்தப் படுகையின் முக்கியப் பிளவுகள் வடகிழக்கு–தென்மேற்காகப் போகின்றன. பண்ணுருட்டி முதல் கடலூர் வரை கெடிலமோ ஏறத்தாழ நேர் கிழக்காக ஓடுகிறது. அந்தப் பிளவுகள் பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கிரெட்டேசியஸ் காலத்தவை. மேலே படிந்த கடலூர் மணற்கல் மிகவும் பிந்தியது. அடியில் பிளவு இருப்பதால் மேலேயும் உடைந்திருக்க வேண்டும் என்றில்லை. புதைந்த பாறைமேட்டின் விளிம்பில் ஒரு பக்கம் வண்டல் தடிமனாக இருந்தால் அந்தப் பக்கம் அதிகமாக அமுங்கும். ஆறு அந்தத் தாழ்வுக்கு ஒதுங்கும், ஆனால் தரையில் ஒரு வெடிப்பும் இருக்காது. 2001 நிலநடுக்கத்தின் மையம் கடலுக்குள் இருந்தது. இந்தச் சரிவைப் பற்றி அது எதையும் நிரூபிக்கவில்லை.

செம்மண்மேடு
கடல்மட்டத்தை மறந்துவிட வேண்டாம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. நிலம் உயராமலேயே ஆறுகள் ஆழமாக வெட்டிக்கொண்டன. கடல் திரும்பி ஏறியதும் பள்ளம் வண்டலால் நிரம்பியது. ஒரு பக்கம் செங்குத்து, ஒரு பக்கம் சமவெளி என்ற தோற்றம் அதிலேயே வந்துவிடும்.

பிளவு என்று சொல்ல ஒரே அடுக்கு இரு பக்கமும் வேறு வேறு மட்டத்தில் இருப்பதைக் காட்டியாக வேண்டும். ஆற்றின் இரு கரையிலும் ஆழ்துளைக் கிணறுகளின் மண்பதிவுகளைச் சேகரியுங்கள். ஆழங்களைக் கிணற்று வாயின் மட்டத்திலிருந்து கடல்மட்டக் கணக்குக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும். அடுக்கின் இயல்பான சாய்வைக் கழிக்காமல் விடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. 100-க்கு 1 சாய்வு என்றால் 500 மீட்டர் தூரத்தில் 5 மீட்டர் இறக்கம் பிளவு இல்லாமலேயே வரும். கடலூர் மணற்கல்லில் களிமண் வில்லை வில்லையாகப் படிந்திருப்பதால் ஒரு களிமண் பட்டையை மட்டும் நம்பி இணைக்காதீர்கள். கூழாங்கல், மணல், களிமண் என்று வரிசையாகப் பொருந்த வேண்டும்.

மின்தடைக்கோடு
கிணற்றுப் பதிவு போதாத இடத்தில் மின்தடை அளவீடு (தரையில் மின்சாரம் செலுத்தி அடியிலுள்ள மண்ணின் தடையை அளப்பது) உதவும். 5 மீட்டர் இடைவெளியில் 48 மின்முனை அடித்தால் கோடு 235 மீட்டர். சுமார் 40 மீட்டர் ஆழம் வரை தெரியும். கோடு, சந்தேகப்படும் பிளவுக்குக் குறுக்கே போக வேண்டும். காய்ந்த செம்மண்ணில் மின்முனை சரியாகத் தொடாது. சுற்றிலும் உப்புத் தண்ணீர் ஊற்றுங்கள். கழிமுகத்துக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்: உவர்நீரும் களிமண்ணும் ஒரே மாதிரி குறைந்த தடை காட்டும். திருவந்திபுரத்துக்கு மேற்கே போடுங்கள்.

பழம்படுகை
செம்மண் வெட்டிய பள்ளங்களில் உராய்ந்த கோடுகளோடு வழவழப்பான தளம் தெரிந்தாலும் அவசரப்படாதீர்கள். சரிவின் விளிம்பில் மண் சறுக்கினாலும் அதே கோடுகள் விழும். சறுக்கல் தளம் கீழே போகப் போக வளைந்து படுத்துவிடும், சறுக்கிய பாளம் மலைப்பக்கமாகச் சாயும். பிளவுத்தளம் சரிவின் அடியையும் தாண்டி ஆழத்துக்கு இறங்கும், ஒரே திசையில் அடுத்த பள்ளத்திலும் தென்படும். குறைந்தது இரண்டு பள்ளங்களிலாவது திசையையும் சாய்வையும் அளந்துவிட்டு இங்கே போடுங்கள், பார்க்கலாம்.