ஆடிப்பெருக்குப் படங்கள் வேண்டும், ஏஐ தெரிந்தவர்கள் உதவியும் வேண்டும்

வணக்கம். திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையில் ஆடி 18 அன்று நான் எடுத்த படங்களை வைத்து ஓர் இருட்டறைக் காட்சி அமைக்கிறேன். நான்கு சுவரிலும் தரையிலும் புரொஜெக்டர் வழியே காவிரி ஓடும், நடுவில் நின்று கும்பிடலாம். அசையாத படத்தில் தண்ணீரை ஓட வைப்பது ஏஐ.

அங்கேதான் சிக்கல். வாழை இலையில் மிதக்கும் காதோலை கருகமணியை அது ஒவ்வொரு முறையும் ரோஜா இதழாக்கிவிடுகிறது. மஞ்சள் கயிறு கட்டிய அம்மாவின் கை ஆறு விரலோடு வருகிறது. சாமி காரியம், அப்படியே விட மனசு வரவில்லை.

நம் படங்களைக் கொண்டே ஏஐக்குப் பயிற்சி கொடுக்கத் தெரிந்தவர்கள் சொல்லித் தாருங்கள். அப்புறம், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் யார் வீட்டு ஆல்பத்திலாவது பழைய ஆடிப்பெருக்குப் படம் இருந்தால், வீட்டாரிடம் கேட்டுவிட்டு ஸ்கேன் செய்து அனுப்புங்கள். சப்பரம் இழுக்கும் பிள்ளைகள் படம் கிடைத்தால் ரொம்ப சந்தோஷம்.