ஸ்ட்ரெப் லேட்டக்ஸ் கிட்: ஆறு வட்டத்துலயும் திரியுது, என்ன செய்ய?

மாடிலேப்
வணக்கம். சின்ன ஊர் ஆஸ்பத்திரியில கல்ச்சர் பார்க்கிறேன், தனி ஆள். சுகர் உள்ள ஒருத்தரோட கால் புண் சீழ். ஆட்டு ரத்த அகார்ல (ரத்தம் கலந்த வளர்ப்புத் தட்டு) பளிச்சுனு பீட்டா ஹீமோலிசிஸ், அதாவது காலனியை (கிருமிக் கூட்டத்தை) சுத்தி ரத்தம் முழுசாக் கரைஞ்சிருக்கு. கிராம் சாயத்துல ஊதா உருண்டைக் கிருமிங்க, அங்கங்க சங்கிலி. ஸ்ட்ரெப்னு (ஸ்ட்ரெப்டோகாக்கஸ்) நினைச்சு, அதுல எந்த வகைன்னு சொல்ற லான்ஸ்ஃபீல்டு குரூப் பார்க்கலாம்னு நாலு காலனி எடுத்து என்சைம்ல கலக்கி, 37 டிகிரியில 10 நிமிஷம் வச்சேன். அதை அட்டையில குரூப்புக்கு ஒரு வட்டமா, அந்தந்த ஆன்டிபாடி பூசின லேட்டக்ஸ் மணியோட கலந்தேன். ஒரு வட்டம்தான் திரியணும், ஆனா ஆட்டினா ஏ, பி, சி, டி, எஃப், ஜி ஆறும் பால் திரிஞ்ச மாதிரி ஆயிடுச்சு. டாக்டர் மதியம் ரிப்போர்ட் கேக்கிறார்.

குளிர்பெட்டி
கிட் ஃப்ரீசர்ல போயிருச்சா? உறைஞ்ச லேட்டக்ஸ் தானாவே திரியும்.

மாடிலேப்
இல்லைங்க, கீழ்த்தட்டுலதான் இருக்கு. காலனி சேர்க்காம வெறும் என்சைமை விட்டுப் பார்த்தேன், ஆறும் மழமழன்னு இருக்கு.

பழையலூப்
அப்ப கிட் மேல பழி போடாதீங்க தம்பி. கேட்டலேஸ் பண்ணீங்களா (பெராக்சைடு விட்டா ஸ்டாஃப் நுரைக்கும், ஸ்ட்ரெப் நுரைக்காது)? நீங்க எழுதினதுல அதைக் காணோமே.

எனக்குச் சந்தேகம் ஸ்டாஃப் ஆரியஸ் (ஸ்டாஃபிலோகாக்கஸ், இன்னொரு உருண்டைக் கிருமி) மேல. கால் புண்ல அது இல்லாம இருந்தாத்தான் ஆச்சரியம். அதோட சுவர்ல புரோட்டீன் ஏ இருக்கு. அது ஆன்டிபாடியோட வாலைப் பிடிக்கும். ஆன்டிபாடி ஏ குரூப்புக்கா, ஜி குரூப்புக்கான்னு அதுக்குக் கவலையே இல்லை. லேட்டக்ஸ் மணி மேல பூசியிருக்கிறது முயல் ஆன்டிபாடின்னா இன்னும் கெட்டியாப் பிடிச்சுக்கும். அதான் ஆறும் திரியுது. இந்த வால் பிடிக்கிற குணத்தை வச்சே, கொன்ன ஸ்டாஃப் மேல ஆன்டிபாடியை ஏத்தி கோஅக்ளுட்டினேஷன்னு ஒரு கிட் வந்துச்சு. நான் வேலைக்குச் சேர்ந்தப்ப அதான் எங்க கையில.

நானும் இந்தக் கூத்து பண்ணியிருக்கேன். முதல்ல ஏ வட்டம் திரிஞ்சதும் மத்ததைப் பார்க்காம குரூப் ஏன்னு எழுதிக் கொடுத்துட்டேன். மறுநாள் அதே பிளேட்ல மஞ்சள் காலனி சிரிச்சுக்கிட்டு நிக்குது!

நியூயார்க் ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்துல ரெபெக்கா லான்ஸ்ஃபீல்டு அம்மா 1933ல குரூப் பிரிச்சப்ப, கிருமியை அமிலத்துல சூடாக்கி, சாறை எடுத்து, ஆன்டிசீரம் சேர்த்து வீழ்படிவு விழுதான்னு பார்த்தாங்க. இப்ப என்சைம்ல வச்சு எடுத்ததும், அட்டையில ஒரு நிமிஷத்துல முடியுது. ஆனா எந்தக் காலனியை எடுக்கணும்ங்கிறதை எந்தக் கிட்டும் சொல்லாது.

மாடிலேப்
அக்கா, கேட்டலேஸ் பண்ணினேன், நுரைச்சுது! அப்ப முழுக்க ஸ்டாஃப்தானா?

பழையலூப்
அவசரப்படாதீங்க. ரத்த அகாரைச் சுரண்டினா சிவப்பணுவுல உள்ள கேட்டலேஸே நுரைக்கும். காலனி எடுக்கிற நிக்ரோம் கம்பி லூப்பும் நுரைக்கும். காலனியோட தலையை மட்டும் பல்குச்சியில தொட்டு, சிலைடுல வச்சுப் பெராக்சைடு விடுங்க. அதோட, தனிக் காலனி வர்ற மாதிரி நல்லாக் கோடு இழுத்து மறுபடி போடுங்க. டாக்டர்கிட்ட "பீட்டா ஹீமோலிட்டிக், குரூப் நாளைக்கு"ன்னு சொல்லுங்க, திட்டினா திட்டட்டும்.

மாடிலேப்
மறுநாள் வந்துட்டேன். பிளேட்ல ரெண்டு பேர்: ஒண்ணு பெருசா, வெண்ணெய் மாதிரி, நுரைக்குது, ஸ்டாஃப் ஆரியஸை உறுதி பண்ற கோஆகுலேஸ் சோதனையும் பாசிட்டிவ். இன்னொண்ணு அதுக்கு அடியில ஒளிஞ்சு இருந்திருக்கு, சின்னது, நுரைக்கலை. அதைத் தனியா எடுத்துப் போட்டதுல ஜி மட்டும் திரிஞ்சுது. ரெண்டையும் எழுதிக் கொடுத்தாச்சு. டாக்டர் திட்டலை, "ஏன் லேட்"னு மட்டும் கேட்டார்.