மச்சினன் பழியை ஏற்கிறேன் என்கிறான், சம்மதிக்கலாமா?

பெயர்வேண்டாம்83:
நேற்று ராத்திரி பத்து மணிக்கு நல்ல போதையில் வண்டியை எடுத்தேன். பால் சொசைட்டி வளைவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் மேல் மோதிவிட்டேன். யாரோ 108-க்கு போன் பண்ணினார்கள், கூட்டம் சேர்வதற்குள் நான் பயந்து ஓடி வந்துவிட்டேன். கால் எலும்பு முறிந்து ஜி.எச்.சில் இருக்கிறாராம். காலையில் பார்த்தால், பட்டை அறுந்த அவருடைய ஒற்றைச் செருப்பு என் வண்டி ஃபுட்ரெஸ்ட்டில் சிக்கியிருக்கிறது. மச்சினன் குடிக்கவே மாட்டான், குரூப் 4 எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறான். "மாமா, உங்களுக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு, நான் ஓட்டினேன்னு ஸ்டேஷன்ல சொல்லிடறேன்" என்கிறான். மனைவியும் சரி என்கிறாள். என்ன செய்யட்டும்?

குமாஸ்தா:
வக்கீல் ஆபீசில் இருக்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 134-ஆவது பிரிவுப்படி ஓட்டியவர் 24 மணி நேரத்துக்குள் ஸ்டேஷனில் சொல்ல வேண்டும், உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. பெரியவர் நஷ்டஈட்டுக்கு வழக்குப் போடும்போது, ஓட்டியவர் விஷயத்தில் பொய் என்று தெரிந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி அதைப் பிடித்துக்கொண்டு இழுத்தடிக்கும். காத்துக்கிடப்பது அவர்தான். பையனுக்கு வேலை கிடைத்தாலும் போலீஸ் வெரிஃபிகேஷனில் இந்த கேஸ் வந்து நிற்கும்.

மல்லிகா_திண்டுக்கல்:
என் அப்பாவை இப்படித்தான் ஒருவர் இடித்துவிட்டுப் போனார், யாரென்று இன்று வரை தெரியாது. அப்பா சாகிற வரைக்கும் "நான் ஓரமாத்தானே போனேன், என் மேலதான் தப்போ" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். யாராவது வந்து கட்டில் பக்கத்தில் நின்று, தப்பு என்னுடையது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கேள்வியாவது அவரை விட்டிருக்கும். தயவுசெய்து போங்கள் அண்ணா.

ஆறுவருஷம்:
நானும் குடித்தவன்தான். மாலை போட்டால் 48 நாள் தொடமாட்டேன், கழற்றிய அன்று சாயங்காலமே கடையில் நிற்பேன், அதை வைத்து நினைத்தால் நிறுத்திவிடுவேன் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். வீட்டில் ஒவ்வொரு தடவையும் யாராவது எனக்காகப் பொய் சொன்னார்கள், கடனை அடைத்தார்கள், நானும் குடித்துக்கொண்டே இருந்தேன். இப்போது உங்கள் மச்சினன் செய்ய வருவதும் அதேதான். அப்புறம் ஒன்று, தினமும் குடிப்பவராக இருந்தால் குற்ற உணர்ச்சியில் சட்டென்று நிறுத்தாதீர்கள், வலிப்பு வரலாம். டாக்டரைப் பார்த்து நிறுத்துங்கள், போதை மறப்பு உதவி எண் 14446-க்குப் பேசினால் வழி சொல்வார்கள்.

பெயர்வேண்டாம்83:
மச்சினனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அழுதான். ஸ்டேஷனுக்கு பஸ்ஸில் கிளம்புகிறேன். செருப்பை ஒரு மஞ்சள் பையில் எடுத்து வைத்திருக்கிறேன்.