மறு: அஸ்டரிசம் – தமிழில் என்ன சொல்?

> விண்மீன் குழாம் (constellation), அஸ்டரிசம் (asterism, விண்மீன்களைக் கோட்டால் சேர்த்துக் காணும் வடிவம்) இரண்டையும் 'விண்மீன் கூட்டம்' என்றே வைத்துவிடலாமே?

வைத்தால் கரடியே மாட்டிக்கொள்ளும். பெருங்கரடி, பன்னாட்டு வானியல் ஒன்றியம் ஏற்ற 88 விண்மீன் குழாம்களில் ஒன்று. 1930-இல் எல்லை வரையறுத்தாயிற்று. பரப்பு 1280 சதுரப் பாகை. நாம் சப்தரிஷி மண்டலம் என்று கைகாட்டும் ஏழும் அதன் பின்னுடலும் வாலும்தான். மூக்கும், இரண்டிரண்டாக நிற்கும் மூன்று சோடிப் பாத மீன்களும் அந்த ஏழில் சேராதவை. எல்லையே இல்லாத இந்த ஏழின் வடிவுக்குத்தான் சொல் வேண்டும்.

'கூட்டம்' இன்னோர் இடத்திலும் உதைக்கும். ஏழில் நடு ஐந்தும் ஏறத்தாழ 80 ஒளியாண்டுத் தொலைவில் ஒன்றாக நகர்கின்றன. இரு முனைகளிலுள்ள துபேயும் அல்கெய்டும் தனி. ஆக ஐந்துக்குக் 'கூட்டம்' மெய், ஏழுக்குப் பொய்.

'உட்குழாம்' நிற்காது. இன்னோர் அஸ்டரிசமான கோடை முக்கோணத்தின் வேகா, டெனெப், ஆல்டேர் மூன்றும் வெவ்வேறு குழாம். எதற்கு உள்ளே? 'மீனுரு' என்றால் மீன ராசிப் படம் என்று படிப்பார்கள்.

என் முன்மொழிவு கோலம். புள்ளிகளைக் கோட்டால் சேர்க்கிறோம், புள்ளிகளுக்குள் உறவு இருந்தாக வேண்டியதில்லை. 'வான்கோலம்' அழகுதான், ஆனால் பக்கத்திலேயே 'வான்கோளம்' (celestial sphere) நிற்கிறது, ஒரு லகர ளகரப் பிழையில் பொருள் கவிழும். 'உடு' என்றாலும் விண்மீன்தான். அதனால் உடுக்கோலம்.

---

> அதனால் உடுக்கோலம்.

ளகரச் சிக்கல் இதிலும் உண்டு ஐயா. ஆனால் 'உடுக்கோளம்' என்றொரு கலைச்சொல் புழக்கத்தில் இல்லை. தட்டச்சுப் பிழை என்று உடனே தெரிந்துவிடும். எனக்குச் சம்மதம்.

ஏழுக்குப் புதுப்பெயர் தேட வேண்டாம். நற்றிணை 231-இல் "கைதொழு மரபின் எழுமீன்" இருக்கிறது. ஒரே இடர்: வினைத்தொகையாகப் படித்தால் 'எழுகின்ற மீன்' ஆகிவிடும். சொற்பட்டியலில் 'எழு = ஏழு' என்று குறித்துவிடுங்கள். ஏழில் ஒன்றான வசிட்டனுக்கு 12 கலை (பாகையில் அறுபதில் ஒன்று ஒரு கலை) தள்ளி இருக்கும் அருந்ததி கணக்கில் இல்லை என்பதையும் சேருங்கள், இல்லாவிட்டால் கண் கூர்மையானவர்கள் எட்டு எண்ணுவார்கள்.

ஸ்டெல்லேரியம் போன்ற வான்காட்சி மென்பொருளில் குழாமுக்கும் உடுக்கோலத்துக்கும் தனித்தனி விருப்பத்தேர்வு உண்டு. ஒரே சொல்லை இட்டால் எதை அழுத்தினால் எந்தக் கோடு வரும் என்று பயனருக்குத் தெரியாது. குழாம்: பெருங்கரடி. உடுக்கோலம்: எழுமீன். 'சப்தரிஷி மண்டலம்' தேடலுக்கான மாற்றுப்பெயராக எழுமீனோடு இருக்கட்டும், கரடியோடு வேண்டாம்.