ஈபி82 ஸ்டார்லெட்: மேனுவல் பூஸ்ட் கன்ட்ரோலர் மாட்டியதிலிருந்து ஃபியூவல் கட். கோளாறு எங்கே?

கிள்ளான்_ஈபி82

வணக்கம். கார் 1992 ஸ்டார்லெட் ஜிடி டர்போ. 4ஈ-எஃப்டிஈ இன்ஜின், சிடி9 டர்போ, மேலே உட்காரும் இன்டர்கூலர், எல்லாம் கம்பெனி பொருள். எக்ஸாஸ்ட் மட்டும் டவுன்பைப்பிலிருந்து (டர்போவை ஒட்டி வரும் முதல் புகைக்குழாய்) கடைசி வரை இரண்டரை அங்குலம், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இல்லை.

போன மாதம், டர்போ தள்ளும் காற்றழுத்தத்தை (பூஸ்ட்) கையால் திருகி மாற்றும், பந்தும் ஸ்பிரிங்கும் உள்ள மேனுவல் பூஸ்ட் கன்ட்ரோலர் மாட்டினேன். 0.7 பாரில் நிற்க வைப்பதுதான் எண்ணம். மூன்றாவது கியரில் 4000 ஆர்பிஎம் தாண்டினால் முள் 0.9-க்கு மேல் எகிறுகிறது, அடுத்த நொடி ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) எரிபொருளை வெட்டிவிடுகிறது. நெற்றி ஸ்டியரிங்கில் மோதாத குறை. திருகை முழுக்கத் தளர்த்தினாலும் 0.75-க்குக் கீழே வரவில்லை. டேஷ்போர்டில் பூஸ்டைக் கூட்டிக் குறைக்கும் கம்பெனி டர்போ பட்டனை லோவில் வைத்தால் வெட்டு வருவதில்லை.

குழாய் ஓட்டம்: கம்ப்ரசர் முனையிலிருந்து கன்ட்ரோலர், அங்கிருந்து பழைய டி இணைப்பு (மூன்று கால் உள்ளது), அதிலிருந்து ஆக்சுவேட்டர் (டர்பைனுக்குப் போகாமல் புகையைப் பக்கவழியில் விடும் வேஸ்ட்கேட் கதவைத் திறப்பது). ஃபியூவல் கட் டிஃபெண்டர் போட்டால் தீர்ந்துவிடும் என்கிறார் என் ஃபோர்மேன். போடலாமா?

ஸ்பூல்_ஈப்போ

தம்பி, சந்தையில் ஐம்பது அறுபது வெள்ளிக்குக் கிடைக்கும் கன்ட்ரோலர்களில் பந்து சரியாக உட்காராது, ஸ்பிரிங்கும் ஒரே மாதிரி இருக்காது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு எலெக்ட்ரானிக் வாங்குங்கள். இன்னொன்று, காற்றை கம்ப்ரசரிலிருந்து எடுக்காதீர்கள், இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து விடும் குழாய்) எடுங்கள். இன்ஜின் மூச்சிழுப்பது அங்கேதான். இன்டர்கூலருக்கு முன்னால் இருக்கும் அழுத்தத்தை வைத்துக்கொண்டு எதைக் கட்டுப்படுத்துவது?

பழைய_பட்டறை

பொருளை மாற்றும் முன் கன்ட்ரோலரைச் சுற்றில் இருந்தே எடுத்துவிடுங்கள். கம்ப்ரசர் முனையிலிருந்து ஆக்சுவேட்டருக்கு நேராக ஒரே குழாய். இந்த நிலையில் வரும் பூஸ்டுதான் ஆக்சுவேட்டர் ஸ்பிரிங்கின் சொந்த அழுத்தம். எந்த கன்ட்ரோலரும் அதற்குக் கீழே பூஸ்டை இறக்க முடியாது, மேலே ஏற்றத்தான் முடியும். நேர்க்குழாயிலேயே முள் ஏறிக்கொண்டு போனால் நீங்கள் ஆயிரம் வெள்ளிக்கு எலெக்ட்ரானிக் வாங்கினாலும் அதே கதைதான்.

சோதனையை டைனோவில் (காரை உருளைகள் மேல் நிறுத்தி ஓட்டி அளக்கும் கருவி) செய்யுங்கள், நான்காவது கியரில். நெடுஞ்சாலையில் வேண்டாம்.

மேனிஃபோல்ட் விஷயத்தில் ஸ்பூல் சொல்வதை நான் ஏற்கவில்லை. த்ராட்டில் (ஆக்சிலரேட்டர் மிதியோடு திறக்கும் காற்றுக் கதவு) மூடியதும் அங்கே வெற்றிடம். திரும்ப மிதிக்கும்போது அழுத்தம் த்ராட்டிலைத் தாண்டி வந்துதான் ஆக்சுவேட்டருக்குத் தெரியும். அந்தத் தாமதத்துக்குள் பூஸ்ட் எகிறிவிடும். புளோஆஃப் வால்வுக்கோ பிரேக் பூஸ்டருக்கோ போகும் குழாயில் டி போட்டு எடுப்பது அதைவிட மோசம்.

ஸ்பூல்_ஈப்போ

அண்ணே, நேர்க்குழாய் சோதனை ஆக்சுவேட்டரைப் பற்றித்தான் சொல்லும், கன்ட்ரோலர் நல்லதா கெட்டதா என்று சொல்லாது. அவர் மேனிஃபோல்ட் கேஜில் 0.7 பார்க்க வேண்டும் என்றால் கம்ப்ரசர் பக்கம் அதைவிடக் கூடுதலாக இருக்கும், இன்டர்கூலரில் கொஞ்சம் இழப்பு உண்டு. இன்டர்கூலர் சூடாகச் சூடாக அந்தக் கணக்கு மாறும்.

டிஃபெண்டரைப் பற்றி ஃபோர்மேன் சொன்னதிலும் தப்பில்லை. சிப்பாங் பந்தயத் தடத்தில் டிராக் நாளுக்கு வரும் பழைய டொயோட்டாக்களில் அது சகஜம்.

பழைய_பட்டறை

சகஜம் என்பதற்காகச் சரியாகிவிடாது. டிஃபெண்டர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். இந்த இன்ஜினில் ஈசியூ மேனிஃபோல்ட் அழுத்த சென்சாரை வைத்துத்தான் பெட்ரோல் அளவைக் கணக்குப் போடுகிறது. அந்த சென்சாரின் வோல்ட்டேஜை டிஃபெண்டர் ஒரு எல்லைக்கு மேல் ஏறவிடாமல் பிடித்துக்கொள்ளும். உள்ளே நிஜத்தில் 1.0 பார் இருக்கும், ஈசியூ 0.8 என்று நம்பி 0.8-க்கான பெட்ரோலை மட்டும் ஊற்றும். கலவை மெலிந்துபோகும், எரிப்பு அறை கொதிக்கும், நாக்கிங் (கலவை நேரம் தவறி வெடிப்பது) தொடங்கும். பிஸ்டனில் ரிங் உட்காரும் வரம்பு உடைந்து இன்ஜின் நீலப் புகை கக்கிக்கொண்டு வரும்போதுதான் ஓட்டுபவருக்குத் தெரியவரும். அப்படி உடைந்த பிஸ்டனைக் கையில் வாங்கிப் பார்த்தவன் யாரும் இன்னொருவருக்கு டிஃபெண்டர் போடச் சொல்லமாட்டான்.

பூஸ்ட் கட்டுக்குள் இல்லாதபோது இன்ஜினைக் காப்பாற்றுவது அந்த வெட்டு ஒன்றுதான். முதலில் அதையா கழற்றுவது? பெட்ரோல் எது போடுகிறீர்கள், ரான்95-ஆ 97-ஆ (ஆக்டேன் எண்)? இந்த இன்ஜினை ஜப்பானில் பிரீமியம் பெட்ரோலுக்கு வடிவமைத்தார்கள். 95 போட்டுக்கொண்டு பூஸ்டையும் கூட்டினால் நாக்கிங் சீக்கிரம் வரும்.

சிப்பாங்_வாரக்கடைசி

இரண்டு பேரும் முதல் பதிவை இன்னொரு தடவை படியுங்கள். லோவில் வெட்டு வருவதில்லை என்கிறார். கன்ட்ரோலர் மாட்டிய காரில் அந்த பட்டனுக்கு வேலையே இருக்கக்கூடாது. லோவுக்கும் ஹைக்கும் வித்தியாசம் தெரிகிறது என்றால் கம்பெனி சொலினாய்ட் வால்வு (மின்சாரத்தில் திறந்து மூடுவது) இன்னும் காற்றோட்டத்தில் இருக்கிறது.

அந்தப் பழைய டி இணைப்பின் மூன்றாவது கால் எங்கே போகிறது? ஹையில் ஈசியூ அந்த வால்வைத் திறந்து, ஆக்சுவேட்டருக்குப் போகும் காற்றில் ஒரு பங்கை இன்டேக் பக்கம் வடித்துவிடும். கம்பெனி பூஸ்டைக் கூட்டுவதே அப்படித்தான். இப்போது கன்ட்ரோலர் ஒரு பக்கம் காற்றைத் தடுக்கிறது, தாண்டி வரும் கொஞ்சத்தையும் வால்வு வடிக்கிறது. ஆக்சுவேட்டருக்கு என்ன மிஞ்சும்? திருகைத் தளர்த்தியும் இறங்காததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

டி-யை எடுத்துவிட்டு கன்ட்ரோலரிலிருந்து நேராக ஆக்சுவேட்டருக்கு விடுங்கள். வால்வின் முனையை ரப்பர் மூடியால் அடையுங்கள், ஆனால் அதன் மின் இணைப்பைப் பிடுங்காதீர்கள். அப்படியே கன்ட்ரோலரில் அம்புக்குறி ஆக்சுவேட்டரைப் பார்க்கிறதா என்றும் பாருங்கள். திருப்பி மாட்டினால் காற்று பந்தை இன்னும் இறுக்கி அடைத்துக்கொள்ளும், வேஸ்ட்கேட் திறக்கவே திறக்காது.

ஸ்பூல்_ஈப்போ

வால்வு விஷயம் நியாயம்தான். ஆனால் மலிவு கன்ட்ரோலரில் வடிகால் துளை இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லையே. ஆக்சுவேட்டர் பக்கம் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை இருக்க வேண்டும். இல்லையென்றால், அல்லது அழுக்கில் அடைத்துக்கொண்டால், கியர் மாற்றும்போது குழாயில் சிக்கிய காற்று வெளியேற வழியில்லாமல் வேஸ்ட்கேட் பாதி திறந்தே நிற்கும். அடுத்த கியரில் பூஸ்ட் மந்தமாக ஏறும்.

பழைய_பட்டறை

சரி, அதையும் பார்க்கட்டும். ஆனால் அவர் காரில் பூஸ்ட் மந்தம் இல்லை, மிஞ்சிப் போகிறது. துளை அடைப்பு இந்த அறிகுறியைத் தராது.

கிள்ளான்_ஈபி82

ஷா ஆலமில் ஒரு டைனோவில் போட்டுப் பார்த்துவிட்டேன். பெட்ரோல் 97.

டி-யின் மூன்றாவது கால் சொலினாய்டுக்குத்தான் போயிருந்தது. எடுத்துவிட்டு முனையை அடைத்தேன். அம்புக்குறி சரி, துளையும் இருக்கிறது. ஆக்சுவேட்டரைக் கைப்பம்பால் சோதித்தோம்: 0.45-இல் கம்பி அசையத் தொடங்குகிறது, பம்பை நிறுத்தினால் முள் இறங்காமல் நிற்கிறது. டயஃப்ரம் கிழியவில்லை.

நேர்க்குழாய், நான்காவது கியர்: 3500-இல் 0.5. அங்கிருந்து மெல்ல ஏறி 6500-இல் 0.7.

கன்ட்ரோலரோடு, திருகு 0.7-க்கு: எகிறல் போய்விட்டது, 0.7-ஐத் தொட்டு நிற்கிறது, ஆனால் மேலே போகப் போக 0.8 தாண்டுகிறது. டைனோவில் வெட்டவில்லை. பட்டனை லோவில் வைத்தாலும் ஹையில் வைத்தாலும் இப்போது ஒரே கோடு.

பழைய_பட்டறை

நேர்க்குழாயில் 0.5 தொடங்கி 0.7 வரை ஏறுகிறது என்றால் அது பூஸ்ட் கிரீப். வேஸ்ட்கேட் முழுக்கத் திறந்தும் அதன் துளை போதவில்லை. எக்ஸாஸ்ட் பெரிதானதால் டர்பைனுக்குப் பின்னால் தடை குறைந்துவிட்டது, புகை பக்கவழியை விட்டு டர்பைன் வழியாகவே பாய்கிறது. கன்ட்ரோலர் மேல் பழி போட இனி இடமில்லை. டர்போவை இறக்கி வேஸ்ட்கேட் துளையைக் கடைந்து பெரிதாக்குங்கள். மூடி உட்காரும் விளிம்பைச் சுற்றிலும் போதுமான அகலத்துக்கு விட வேண்டும், இல்லையென்றால் மூடியிருக்கும்போதும் புகை கசியும்.

ஸ்பூல்_ஈப்போ

முப்பது வருஷ டர்போ அது. இறக்கும்போது ஸ்டட் முறியும், ஹவுசிங்கில் விரிசல் தெரியும், செலவு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. கம்பெனி டவுன்பைப் கையில் இருந்தால் முதலில் அதை மாட்டி அதே டைனோவில் ஓட்டுங்கள். ஏற்றம் நின்றுவிட்டால் டர்போவைத் தொடவே வேண்டாம். 0.7 பார் ஓட்டும் தெருக் காருக்கு இரண்டரை அங்குலம் தேவையா?

பழைய_பட்டறை

டவுன்பைப்பை நெருக்கிப் பூஸ்டை அடக்குவது பின்னழுத்தத்தைக் கூட்டி அடக்குவதுதான். டர்பைனைச் சுற்றிச் சூடு தங்கும். என் கையில் இருந்தால் கடைந்துதான் விடுவேன். ஆனால் சோதனைக்காக மாட்டிப் பார்ப்பதில் எனக்கு மறுப்பில்லை.

கிள்ளான்_ஈபி82

பழைய டவுன்பைப் வீட்டு ஸ்டோரில் இருக்கிறது. சனிக்கிழமை அதை மாட்டி நேர்க்குழாயில் ஓட்டுகிறேன். 6500-இல் 0.55-க்குள் நின்றால் அப்படியே விடுவேன், தாண்டினால் டர்போ இறங்கும். அதுவரை கன்ட்ரோலர் வண்டியில் இருக்காது. டிஃபெண்டர் வேண்டாம் என்று ஃபோர்மேனிடம் சொல்லிவிட்டேன். டவுன்பைப் ஃபிளாஞ்சுக்கு ஒற்றை அடுக்கு உலோக கேஸ்கெட் போதுமா, இல்லை பல அடுக்கு வகைதான் வேண்டுமா?

சிப்பாங்_வாரக்கடைசி

பல அடுக்கு வாங்குங்கள், பழையதைத் திரும்பப் போடாதீர்கள். ஸ்டட்டுகளுக்கு முந்தின நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊற விடுங்கள். டைனோ கோடுகளை இங்கே போடுங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.