விசுவாசமும் மிட்வைப் வேலையும் முட்டிக்கொண்டா நான் என்ன செய்யிறது?

பாலையூத்துப் பிள்ளை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் மிட்வைப், வீடுவீடாப் போற மருத்துவிச்சி, ஒண்டரை வருசம் ட்ரெயினிங் முடிச்சு பீல்டுக்கு வந்து இது ரெண்டாவது வருசம். திருகோணமலை டவுனில இருந்து ஸ்கூட்டியில போய்வாற தூரம், ஏரியா பெயர் சொல்லேல்ல, ஆரெண்டு பிடிச்சிடுவினம். நாங்க கத்தோலிக்கர். அம்மம்மா காலத்தில இருந்து பாலையூத்து லூர்து மாதா கோயில்தான், ஜெபமாலை சொல்லாம எங்கட வீட்டில ஒருத்தரும் படுக்கிறேல்ல. எனக்கு அது உண்மையாவே முக்கியம், அதை முதலே சொல்லிப்போடுறன்.

பிரச்சினை பமிலி பிளானிங். மிதுரி எண்ட கருத்தடைக் குளிசை, கொண்டம் எல்லாம் நாங்கதான் வீடுவீடாக் கொண்டுபோய்க் குடுக்கிறது, கருப்பைக்குள்ள வைக்கிற லூப், கைத்தோலுக்குக் கீழ வைக்கிற ஜடெல் எண்டா பெயர் எழுதி கிளினிக்குக்கு அனுப்பவேணும். செயற்கை முறை ஒண்டும் கூடாதெண்டு 1968இலயே பாப்பரசர் ஆறாம் பவுல் எழுதி வச்சிருக்கிறார். ட்ரெயினிங்ல இருக்கேக்க சமாளிக்கலாம் எண்டுதான் நினைச்சன்.

ஒரு அம்மா. நாலு பிள்ளை, கடைசிப் பிள்ளைக்கு பிரஷர் கூடி ஆஸ்பத்திரியில நாள்கணக்காக் கிடந்தவ. "மிஸ், எனக்கு லூப் போடவேணும்" எண்டு அவவாத்தான் கேட்டவ. நான் மாட்டனெண்டு சொல்லேல்ல, "பால் குடுக்கிறீங்கதானே அம்மா, அதுவரைக்கும் பயமில்லை, பிறகு பாப்பம்" எண்டு சொல்லிப்போட்டு, பெயரும் எழுதாம ஸ்கூட்டிய எடுத்துக்கொண்டு வந்திட்டன். பிள்ளைக்கு அப்ப எட்டு மாசம், சோறு மசிச்சுத் தீத்துறா. அது சரிவராதெண்டு எனக்கு நல்லாவே தெரியும்.

போன கிழமை விசிட் போக வாசல்ல நிண்டு சொல்லுறா, "மிஸ், நாள் தள்ளிப்போச்சு, நீங்க பயமில்லையெண்டு சொன்னீங்கதானே" எண்டு. அவ கோவமாச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பன், அவ எனக்குக் கதிரை எடுத்துப் போட்டுக்கொண்டு கேட்டவ.

அண்டையில இருந்து நித்திரை இல்லை. இதை மேல சொல்லலாமா? வேலைய விடுறதா? உங்களில ஆருக்காவது இப்பிடி வந்ததா?

மூதூர் அக்கா எழுதினது:

தங்கச்சி, நான் பென்சன் எடுத்த மிட்வைப், கொஞ்சம் நேராச் சொல்லுவன் கோவிக்காதேங்கோ. பால் குடுக்கிறதைப் பாதுகாப்பா எடுக்கிறதெண்டா மூண்டும் ஒண்டாச் சேரவேணும், பிள்ளைக்கு ஆறு மாசத்துக்குள்ள இருக்கவேணும், தாய்ப்பாலைத் தவிர வேற ஒண்டும் குடுக்கக்கூடாது, மாதவிடாய் திரும்ப வந்திருக்கக்கூடாது. ஒண்டு தவறினாலும் முடிஞ்சுது. அந்த அம்மாக்கு ரெண்டு தவறிட்டுது. அவ கேட்டது ஒரு மிட்வைப்பிட்ட, மறுமொழி சொன்னது உங்கட பயம்.

எனக்கும் இப்பிடி ஒண்டு இருந்தது. எங்கட வீடு நவராத்திரிக்குக் கும்பம் வைக்கிற வீடு. பிள்ளைப்பேறு பாத்திட்டு வந்தா துடக்கு எண்டு அம்மா தலையில தண்ணி ஊத்தாம உள்ளுக்கு விடமாட்டா, பத்து நாளும் சாமியறைப் பக்கம் போகக்கூடாது. ஒருக்கா கும்பம் ஊர்வலம் வாற இரவு ஆள் வந்து கேற்றைத் தட்டுது, அங்க தலைப்பிள்ளை, தண்ணிக்குடம் உடைஞ்சுபோச்சு. அம்மா போகாத எண்டு அழுதா. நான் போனன். விடிய வந்து கிணத்தடியில குளிச்சிட்டு திண்ணையில இருந்து அழுதனான், அந்த வருசம் கும்பம் பாக்கேல்ல. எனக்கு அது லேசான விசயம் இல்லை, ஆனா அந்த இழப்பு என்னோட நிண்டுது, அந்தப் பெட்டைக்குப் போகேல்ல.

2006 மூதூர்ச் சண்டைக்குப் பிறகு கந்தளாய் முகாமில நிண்டு வேலை செய்தனான். சோறு குழம்புக்கு வரிசையில நிண்ட பொம்பிளையள் என்னைக் கண்ட உடன வரிசைய விட்டிட்டு வந்து காதுக்குள்ள கேட்டது என்ன தெரியுமோ, "மிஸ் என்ர ஊசிக்கு நாள் தவறிட்டுது, என்ன செய்யிறது". மூண்டு மாசத்துக்கு ஒருக்காப் போடுற கருத்தடை ஊசி. வீடு போய், மனிசன் எங்க எண்டு தெரியாமலும் சிலபேர். அந்தக் கேள்வியில எவ்வளவு இருந்ததெண்டு நினைச்சுப் பாருங்கோ.

முதல்ல அந்த அம்மாட்டப் போங்கோ. நான் சொன்னது பிழை எண்டு வாயால சொல்லுங்கோ. பிரஷர் இருந்த ஆள், கிளினிக் ஒரு நாளும் தவறக்கூடாது.

கிண்ணியான் எழுதினது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் ஆண் நேர்ஸ். சிஸ்டர்ர கதைய வாசிச்சிட்டு ஒரு மணித்தியாலம் போனைக் கீழ வச்சிட்டு இருந்தன்.

எனக்கு வந்தது 2020. கொரோனா மையித்து எல்லாத்தையும் எரிக்கவேணும் எண்டு ஏப்ரல்ல வர்த்தமானி வந்திச்சு. அடக்கலாம் எண்டு உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருந்தது, இங்க கேக்கேல்ல. குளிப்பாட்டாம, கபன் துணி சுத்தாம, தொழுகை இல்லாம, ஒரு வாப்பாவைப் பையில போட்டுச் சிப் இழுத்தது இந்தக் கை. வெளிய மகன் நிண்டு "நானா, கலிமாவாவது சொல்லிவிடுங்க" எண்டான். சொன்னன். 2021 மார்ச்சிலதான் ஓட்டமாவடியில அடக்க விட்டாங்க, பிறகு 2024இல அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது, அந்த வாப்பாக்கு எல்லாம் பிந்திப் போச்சு.

அண்டைக்கு ராவு வேலைய விடுவமா எண்டு உம்மாட்டக் கேட்டன். உம்மா சொன்னா, நீயும் விட்டா அங்க கலிமா சொல்ல ஆர் இருக்கிற எண்டு.

ஏன் இதைச் சொல்லுறன் எண்டா, மனசாட்சி எண்டது சும்மா கதையெண்டு எனக்கு ஆரும் சொல்லேலாது. அந்தச் சட்டம் அநியாயம், இண்டைக்கும் சொல்லுவன், அப்பவும் மேலதிகாரிக்கு முன்னால வாய்விட்டுச் சொன்னன். சிஸ்டர், நீங்க சொல்லேல்ல. மாட்டன் எண்டும் சொல்லேல்ல, ஓம் எண்டும் சொல்லேல்ல. அந்தத் தாய்க்கு வேற மிஸ்ஸைத் தேடிப் போகவும் வழி இல்லாமப் போச்சு.

ஜெபமாலை எழுதினது:

நானும் கத்தோலிக்கப் பெண், ஆஸ்பத்திரி வேலை இல்லை, ஆனா கல்யாண ஆயத்த வகுப்பு எடுக்கிறனான். இங்க எல்லாரும் தங்கச்சியின்ட விசுவாசத்தை ஏதோ கழட்டி வைக்கிற சட்டை மாதிரிக் கதைக்கிறது எனக்குக் கஷ்டமா இருக்கு. திருச்சபை போதிக்கிறதை நான் முழுசா நம்புறன். நாள் பாத்து நடக்கிற இயற்கை முறையும் ஒரு முறைதான், அதை ஒழுங்காப் படிப்பிச்சா பலன் இருக்கு, ஆனா அதுக்கு ரெண்டுபேரும் ஒத்துழைக்கவேணும், எழுதி வைக்கவேணும், குடிச்சிட்டு வாற மனிசனோட அது நடக்காது, அதையும் நான் வகுப்பில மறைக்கிறேல்ல.

ஆனா தங்கச்சி, எட்டாம் கட்டளையும் எங்கடதுதான். பொய்ச்சாட்சி சொல்லாதே. தெரிஞ்சுகொண்டு பயமில்லை எண்டு சொன்னது பொய். லூப்புக்குப் பெயர் எழுதுறது பாவமோ இல்லையோ எண்டு பாதரோட இருந்து ஆறுதலாக் கதைக்கலாம், இந்தப் பொய்க்குக் கதை தேவையில்லை, பாதரிட்டப் பாவத்தை ஒப்புக்கொள்ளுற பாவசங்கீர்த்தனம்தான் தேவை. நான் உங்களுக்காக செபிக்கிறன், உண்மையாச் சொல்லுறன்.

லண்டன் திருமலை எழுதினது:

நான் பிறந்தது உவர்மலை, இங்க லேபர் வார்டில வேலை. பிரிட்டன்ல 1967 கருக்கலைப்புச் சட்டத்தின்ட 4ஆம் பிரிவு, மனசாட்சி இடம்தராட்டி அதில பங்கெடுக்கத் தேவையில்லை எண்டு சொல்லுது, ஆனா தாயின்ட உயிருக்கு ஆபத்தெண்டா அந்த விலக்கு இல்லை. கிளாஸ்கோவில ரெண்டு கத்தோலிக்க மிட்வைப் மார், மற்ற நேர்ஸ்மாரை அந்த வேலைக்கு விடுறதும் மேற்பார்வை பாக்கிறதும்கூட ஏலாது எண்டு வழக்குப் போட்டவை, 2014 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் நேரடியாக் கைவைக்கிற வேலைக்குத்தான் விலக்கு எண்டு தீர்ப்புக் குடுத்தது. அதுவும் கருக்கலைப்புக்கு மட்டும், குளிசை லூப்புக்கு அந்தப் பிரிவு இல்லை.

ஆனா இங்கத்தைச் சட்டத்தை அங்க கொண்டுபோய் ஒட்டேலாது. இலங்கையில 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, 303ஆம் பிரிவு, தாயின்ட உயிரைக் காப்பாத்த மட்டும்தான் கருக்கலைப்பு. அப்ப யோசிச்சுப் பாருங்க, லண்டன்ல ஒரு மிட்வைப் மாட்டன் எண்டா அந்தப் பொம்பிளைக்கு முன்னால இன்னும் நாலு கதவு திறந்திருக்கு, உங்களிட்டக் கேட்ட அந்த அம்மாக்கு இருந்த கதவே நீங்க எழுதவேண்டிய அந்தப் பெயர்தான். அங்க கள்ளத்தனமாக் கலைக்கப்போய்க் கிருமி ஏறி வாறவையை நீங்களும் ட்ரெயினிங்ல பாத்திருப்பீங்க.

செய்யேலாட்டி முதலே மேல எழுத்தில சொல்லுங்க, உங்கட ஆளைப் பாக்க வேற ஒருத்தர் இருக்கிறதை உறுதிப்படுத்துங்க, அந்த ஆள் வரும்வரைக்கும் அது உங்கட வேலை.

பாலையூத்துப் பிள்ளை திரும்ப எழுதினது:

எல்லாருக்கும் நன்றி. மூதூர் அக்கா, உங்கட எழுத்தை வாசிச்சிட்டு முதல்ல கோவம்தான் வந்தது, பிறகு விடிய விடிய வாசிச்சன்.

வியாழக்கிழமை சூப்பவைசிங் மிஸ்ஸிட்ட எல்லாத்தையும் சொன்னன். ஏசினவ, ஏசத்தான் வேணும். பீல்டில பமிலி பிளானிங்கை மட்டும் பிரிச்சு வைக்கேலாது, அங்க நீ ஒராள்தான் எண்டு சொன்னா. கிளினிக் நாளில மட்டும் பக்கத்து ஏரியா மிஸ் அந்த மேசையில இருப்பா, நான் மற்றப்பக்கம் அவ செய்யிற நிறை பாக்கிற வேலையைப் பாப்பன். வீட்டில ஆர் கேட்டாலும் அண்டைக்கே பெயர் எழுதவேணும், அதுக்கு ஓம் எண்டு சொல்லிட்டன். மூண்டு மாசம் இப்பிடிப் பாப்பம், அதுக்குப் பிறகும் கை நடுங்கினா வேற வேலை தேடுவன், ஒருத்தரையும் ஏமாத்திக்கொண்டு இருக்க மாட்டன். கிண்ணியா அண்ணா, உங்கட உம்மா சொன்னதை எழுதி வச்சிருக்கிறன். பாதரை ஞாயிறு பூசை முடியச் சந்திக்கிறன்.

அந்த அம்மாட்டயும் போனன். "நான் சொன்னது பிழை அம்மா, எனக்குத் தெரிஞ்சுகொண்டுதான் சொன்னனான்" எண்டு சொன்னன். கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்ல, சின்னனை மடியில வச்சுத் தட்டிக்கொண்டே இருந்தா. பிறகு, "இப்ப என்ன மிஸ் செய்யிறது, பாருங்கோ" எண்டு கையை நீட்டினா. பிரஷர் 140க்கு 90. அண்டைக்கே டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினன், திங்கள் ஸ்கேன், அவவின்ட சின்னன்களை என்ர அம்மா பாத்துக்கொள்ளுவா.

இந்த முறை பிள்ளை பிறந்த உடன என்ன முறை வேணும் எண்டு அவ சொன்னதை அவவின்ட கிளினிக் கார்டில எழுதிட்டன், என்ர கையெழுத்தில.