என்.கே.என்., எர்நெட், எடுரோம், இன்ஃபெட்: எது யாருடையது, எது எதற்கு?

மலைக்கோட்டை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் மரபணுத் தரவு சார்ந்த முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். அடுத்த பருவத்தில் ஜெர்மனியிலுள்ள ஓர் ஆய்வகத்துக்குச் சில மாதங்கள் செல்லவிருக்கிறேன். எடுரோம் கணக்கு இருந்தால் வந்திறங்கும் நாளிலேயே வைஃபை கிடைத்துவிடும் என்று அங்கிருந்து எழுதியிருக்கிறார்கள். எங்கள் கணினி மையத்தில் விசாரித்தால், என்.கே.என். இணைப்பு இருக்கிறதே, அதிலேயே எல்லாம் அடக்கம் என்கிறார் ஒருவர். அதற்கு எர்நெட்டைத்தான் கேட்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். நூலகத்திலோ, இன்ஃபெட் கணக்கா வேண்டும் என்று கேட்கிறார்கள். இவை எல்லாம் ஒன்றா, வேறு வேறா? எனக்கு வேண்டியதை யாரிடம் கேட்பது?

பொருநைக்கரை எழுதியது:

நான்கும் வேறு வேறு. ஆனால் உங்கள் கணினி மையத்தில் இருவர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை உண்டு என்பதால்தான் குழப்பம் தீராமல் இருக்கிறது. நானும் ஒரு கல்வி நிறுவனத்தின் வலையமைப்பைப் பராமரிப்பவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

காலத்தால் மூத்தது எர்நெட். ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் நிதியுதவியோடு மத்திய மின்னணுவியல் துறை 1986-இல் அதைத் தொடங்கியது. மும்பையிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், சென்னை உள்ளிட்ட ஐந்து ஐ.ஐ.டி.க்கள், அந்தத் துறை ஆகிய எட்டு இடங்களே அதன் முதல் கண்ணிகள். 1995 ஆகஸ்ட் 15 அன்று, அப்போது அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமாக இருந்த வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் திறந்துவிட்டதைத்தான் இந்திய இணையத்தின் பிறந்தநாளாகப் பலரும் சொல்கிறார்கள். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஐ.ஐ.டி. ஆசிரியர்கள் எர்நெட் வழியாக மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தார்கள் என்பது ஏனோ எவர் நினைவிலும் நிற்பதில்லை. உங்கள் பல்கலைக்கழக முகவரி '.ஏசி.இன்' என்று முடிந்தால், அந்தப் பெயரைப் பதிவு செய்து தந்ததும் எர்நெட்தான்.

என்.கே.என். எனப்படும் தேசிய அறிவு வலையமைப்பு பிற்காலத்தது. தேசிய அறிவு ஆணையத்தின் பரிந்துரையிலிருந்து உருவான இத்திட்டத்துக்கு 2010 மார்ச்சில் மத்திய அமைச்சரவை 5,990 கோடி ரூபாய் ஒதுக்கியது. நடத்துவது தேசியத் தகவலியல் மையமான என்.ஐ.சி. பல்கலைக்கழகங்களையும் ஆய்வகங்களையும் அதிவேக ஃபைபரால் ஒன்றோடொன்று இணைப்பதே இதன் வேலை. பலர் இதை 'அரசு தரும் இன்டர்நெட்' என்று மட்டும் எண்ணிக்கொள்கிறார்கள். அப்படிப் பார்த்தால் ஒரு தனியார் நிறுவனம் வாடகைக்குத் தரும் தனி இணைப்பே (லீஸ்டு லைன்) போதும். உங்கள் வளாகத்துக்கும் இன்னொரு ஆய்வகத்துக்கும் இடையே செல்லும் தரவு, சந்தை இணையத்தின் நெரிசலுக்குள் நுழையாமல் நேராகப் போய்ச் சேர்வதில்தான் இதன் மதிப்பு இருக்கிறது.

எடுரோம் என்பது கம்பியும் அன்று, கருவியும் அன்று. நிறுவனங்களுக்கு இடையிலான ஒரு நம்பிக்கை ஏற்பாடு. நெதர்லாந்தின் கல்வி வலையமைப்பான சர்ஃப்நெட்டில் தோன்றி, இப்போது 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் இயங்குகிறது. இந்தியாவில் இதை ஒருங்கிணைப்பது எர்நெட். நீங்கள் ஜெர்மனியில் மடிக்கணினியைத் திறந்து 'எடுரோம்' என்ற வைஃபையைத் தேர்ந்தெடுத்ததும், உங்கள் பயனர்பெயரில் @ குறிக்குப் பின்னால் இருப்பதை, பயனர்களைச் சரிபார்ப்பதற்கென்று அங்குள்ள ரேடியஸ் சர்வர் பார்க்கும். தன் நிறுவனத்தின் பெயராக இல்லாததால், கோரிக்கையை ஜெர்மனியின் தேசிய சர்வருக்கு அனுப்பும். அங்கிருந்து அது மேல்நிலைச் சர்வர்கள் வழியாக இந்தியாவின் தேசிய சர்வருக்கும், அதிலிருந்து உங்கள் பல்கலைக்கழகத்தின் சர்வருக்கும் வரும். 'ஆம், இவர் எங்கள் மாணவி' என்ற பதில் அதே வழியே திரும்பியதும் இணைப்புக் கிடைத்துவிடும். கடவுச்சொல் உங்கள் கணினிக்கும் உங்கள் பல்கலைக்கழக சர்வருக்கும் இடையே மறையாக்கம் செய்யப்பட்டே செல்வதால், இடையிலுள்ள எவராலும் அதைப் படிக்க இயலாது.

ஆகவே உங்கள் பல்கலைக்கழகம் எர்நெட் வழியாக எடுரோமில் சேர்ந்து, சொந்தமாக ரேடியஸ் சர்வர் வைத்திருந்தால் மட்டுமே உங்களுக்குக் கணக்குக் கிடைக்கும். என்.கே.என். ஃபைபர் வளாகத்துக்குள் வந்திருப்பதால் அது தானாக வந்துவிடாது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. மடிக்கணினியில் எடுரோமை அமைக்கும்போது, மறுமுனையில் இருப்பது உங்கள் பல்கலைக்கழக சர்வர்தானா என்று பார்க்கும் சான்றிதழ் சரிபார்ப்பை 'தேவையில்லை' என்று விட்டுவிடாதீர்கள். அப்படி விட்டால், அதே பெயரில் எவரேனும் போலி வைஃபை ஒன்றை நிறுவி உங்கள் கடவுச்சொல்லைக் கறந்துவிட முடியும். கையால் அமைப்பதைவிட, எடுரோம் தளம் நிறுவனந்தோறும் தரும் அமைப்புக் கோப்பை இறக்கி நிறுவுவதே நல்லது.

கூடல்நகர் எழுதியது:

நூலகர் என்ற முறையில் விடுபட்டதைச் சொல்கிறேன். இன்ஃபெட் என்பது காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் அடையாளக் கூட்டமைப்பு. வளாகத்துக்கு வெளியே இருக்கும்போது, பதிப்பகத்தின் தளத்தில் நிறுவன உள்நுழைவைத் தேர்ந்தெடுத்து, உங்கள் பல்கலைக்கழகக் கணக்காலேயே இதழ்களைப் படிக்க உதவுவது அது. எடுரோம் வைஃபைக்கு, இன்ஃபெட் இதழ்களுக்கு.

ஜெர்மனியில் எடுரோமில் இணைந்ததும் நம் பல்கலைக்கழகச் சந்தா இதழ்களும் திறந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே உங்கள் ஐ.பி. முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) அந்தப் பல்கலைக்கழகத்துடையது. எனவே அவர்களுடைய சந்தாவும் அவர்களுடைய விதிகளுமே செல்லும். 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் மத்திய, மாநில அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறக்கப்பட்டுள்ளன. அவற்றை அங்கிருந்து படிக்க உங்களுக்கு இன்ஃபெட் வேண்டும். ஆக, நூலகத்தில் கேட்ட கேள்வியும் பொருந்தாத கேள்வி அன்று. புறப்படுமுன் அந்தக் கணக்கையும் வாங்கிக்கொள்ளுங்கள், அம்மா.

மலைக்கோட்டை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. இன்னொரு ஐயம். சுமார் ஒரு டெராபைட் அளவுள்ள மரபணு வரிசைக் கோப்புகளை இங்கிருந்து அந்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எங்கள் இணைப்பு 1 ஜிகாபிட் என்கிறார்கள். ஆனால் சோதனைக்கு அனுப்பிய சிறு கோப்பே நகராமல் நிற்கிறது. வன்தட்டில் ஏற்றி எடுத்துச்செல்வதுதான் வழியா?

துகள்வழி எழுதியது:

வன்தட்டும் ஒரு வழிதான், கேலிக்காகச் சொல்லவில்லை. ஆனால் குறை எங்கே என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். முழு 1 ஜிகாபிட்டும் கிடைத்தால் ஒரு டெராபைட் போய்ச்சேர இரண்டேகால் மணி நேரம் ஆகும். இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே ஒரு தரவுப்பொதி போய்த் திரும்ப 150 மில்லிநொடி ஆகிறது என்று வையுங்கள். அந்தத் தொலைவில் குழாயை நிரப்ப வேண்டுமானால், பதில் வருவதற்குள் 18.75 மெகாபைட் தரவு வழியில் இருந்துகொண்டே இருக்க வேண்டும். இடையிலுள்ள ஏதோ ஒரு பழைய ஃபயர்வால் (போகும் வரும் தரவைச் சோதிக்கும் பாதுகாப்புக் கருவி) அந்த அளவை 64 கிலோபைட்டாகக் குறுக்கிவிட்டால், ஃபைபர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் உங்களுக்குக் கிடைப்பது நொடிக்கு 3.5 மெகாபிட்தான். அந்த வேகத்தில் அதே கோப்புகள் போய்ச்சேர 26 நாள் ஆகும்.

பெரும்பாலும் கோளாறு என்.கே.என். முதுகெலும்பில் இருப்பதில்லை, வளாகத்துக்குள்தான் இருக்கிறது. எட்டு வழிச் சாலை போட்டுவிட்டு ஒற்றைச் சுங்கச்சாவடி வைத்த கதை. பெருந்தரவு அனுப்பும் கணினியைப் பொது ஃபயர்வாலுக்குப் பின்னால் வைக்காமல், வளாகத்தை வெளி வலையமைப்போடு இணைக்கும் எல்லை ரவுட்டரை ஒட்டித் தனியாக வைத்து, குறிப்பிட்ட சில முகவரிகளுக்கு மட்டும் திறந்துவிடுவதே இதற்கான ஏற்பாடு. அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆய்வு வலையமைப்பான ஈஎஸ்நெட் இதைத்தான் உலகுக்குப் பரப்பியது. மும்பை டி.ஐ.எஃப்.ஆர்., கொல்கத்தா வி.இ.சி.சி. ஆகிய ஆய்வு நிறுவனங்கள் ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னின் தரவுகளை நாள்தோறும் கையாள்கின்றன என்றால், நாட்டில் வழி இல்லாமல் இல்லை.

கணினி மையத்தில் 'நெட் ஸ்லோவாக இருக்கிறது' என்று சொன்னால் சுவிட்சை அணைத்துப் போடுவதோடு நிறுத்திக்கொள்வார்கள். எல்லை ரவுட்டரில் நேரடியாக ஒரு கணினியைச் செருகி, அதே கோப்பை அனுப்பிப் பார்க்கும்படி எழுத்தில் கேளுங்கள். அங்கே வேகம் வந்தால் ஃபயர்வாலைச் சரிசெய்யச் சொல்லுங்கள். அங்கும் வராவிட்டால் அந்த அளவீட்டை இணைத்து என்.ஐ.சி.க்குப் புகார் அனுப்பச் சொல்லுங்கள். இதற்கிடையே, பல இணைப்புகளில் ஒரே நேரத்தில் அனுப்பும் குளோபஸ் போன்ற மென்பொருளை அந்த ஆய்வகம் பயன்படுத்துகிறதா என்றும் விசாரியுங்கள்.

பொருநைக்கரை எழுதியது:

மேலே சொன்னதோடு ஒன்று: எடுரோம் கணக்குக் கிடைத்ததும் முதலில் உங்கள் வளாகத்திலும், பிறகு எடுரோம் உள்ள வேறொரு கல்வி நிறுவனத்திலும் இணைத்துப் பாருங்கள். சொந்த வளாகத்தில் மட்டும் வேலை செய்து வெளியே போனதும் மறுக்கப்படுவது, தேசிய சர்வரோடு உள்ள இணைப்புச் சரியாக அமைக்கப்படாததன் அடையாளம். அதை இங்கிருக்கும்போதே உங்கள் கணினி மையம் எர்நெட்டோடு பேசிச் சரிசெய்துவிடலாம்.